அமெரிக்காவில் வழிகாட்டி நாய் பெறுவது எப்படி? பார்வையற்ற தமிழர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும்

வழிகாட்டி நாய்க்கு விண்ணப்பிக்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் நாயைப் பற்றிய கேள்விகளோடுதான் தொடங்குகிறார்கள். எந்த இனம் கிடைக்கும், எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. கீழே ஒவ்வொன்றாக வரும். ஆனால் அமெரிக்காவிலுள்ள பயிற்சிப் பள்ளிகள் விண்ணப்பதாரரிடம் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று: வெண்கோலைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தனியாக எங்கெல்லாம் போய் வருகிறீர்கள்? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிலைக்கு வந்தபின் விண்ணப்பிக்கிறவருக்கு நாய் கிடைப்பதும் எளிது, கிடைத்த நாயோடு பல ஆண்டுகள் நன்றாக நடப்பதும் எளிது. ஆகவே இந்த வழிகாட்டியும் நடையிலிருந்தே தொடங்குகிறது.

முதல் உலகப் போரில் கண் இழந்த ஜெர்மானியப் படைவீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கிய பயிற்சி முறை, பிறகு சுவிட்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. நாஷ்வில் நகரத்தைச் சேர்ந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அவரிடம் சென்று பயிற்சி பெற்று, 1928இல் ‘பட்டி’ என்ற தம் நாயோடு திரும்பி, நியூயார்க்கின் நெரிசலான சாலையைச் செய்தியாளர்கள் பார்க்கக் கடந்து காட்டினார். மறு ஆண்டு இருவரும் சேர்ந்து நிறுவிய ‘தி சீயிங் ஐ’ பள்ளி இன்று நியூஜெர்சியின் மாரிஸ்டவுனில் இயங்குகிறது. அதன்பின் தோன்றிய பள்ளிகளும் ஏறக்குறைய அதே அடிப்படையில்தான் நாயையும் மனிதரையும் சேர்த்துப் பழக்குகின்றன.

நாய் என்ன செய்யும், என்ன செய்யாது

நாய்க்கு வழி தெரியாது. ‘நூலகத்துக்குப் போ’ என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. எத்தனை தெரு தாண்ட வேண்டும், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பது நடப்பவரின் மனத்தில் இருக்க வேண்டும். அவர் ‘ஃபார்வர்ட்’, ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று சொல்லிக் கையாலும் திசை காட்டுவார். நாய் அந்தத் திசையில் நேராகச் செல்லும். வழியில் நிற்கும் மனிதர், கம்பம், நடைபாதையில் நிறுத்திய சைக்கிள், தலை உயரத்தில் தாழ்ந்து தொங்கும் கிளை ஆகியவற்றைச் சுற்றிக்கொண்டு அழைத்துப் போகும். படிக்கட்டின் முன்பும் நடைபாதை விளிம்பிலும் நின்றுவிடும்.

சாலையைக் கடக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதும் மனிதர்தான். சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் நடப்பதில்லை. நடப்பவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்: தனக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்த வண்டிகள் நிற்கின்றன, தனக்கு இணையான சாலையில் நின்ற வண்டிகள் ஒரே இரைச்சலாகக் கிளம்புகின்றன என்றால் கடக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது ‘ஃபார்வர்ட்’ என்கிறார். அந்த நொடியில் ஒரு கார் திரும்பி எதிரே வந்தால் நாய் நகராது, அல்லது பின்வாங்கி அவரையும் இழுத்துவிடும். கட்டளையைத் தெரிந்தே மீறுவதற்கு நாயைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி. மின்சார வண்டிகள் ஓசையின்றி வரும் இந்தக் காலத்தில் நாயின் இந்தத் திறமைக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

வெண்கோலிலிருந்து நாய்க்கு மாறுகிறவர் எதிர்பார்க்காத ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோல் தடையைத் தொட்டுக் காட்டும். நாய் தடையைத் தொடாமலே கடத்திவிடும். கோலோடு நடக்கும்போது மூலையிலுள்ள தபால்பெட்டி தட்டுப்படும், அடுத்து மூன்றாவது வாசல் நம் வீடு என்று தெரியும். நாயோடு போகும்போது அந்தத் தபால்பெட்டி கைக்கும் வராது, காலுக்கும் வராது. நடை வேகமாகவும் சீராகவும் ஆகிவிடும். ஆனால் தெருவின் அடையாளங்களை வேறு வழியில் நினைவில் வைக்கப் பழக வேண்டும். தரை எங்கே சரிகிறது, எந்தக் கடையிலிருந்து என்ன வாசனை வருகிறது, எந்த இடத்தில் கட்டடங்கள் முடிந்து காற்று திறந்து வீசுகிறது என்பவை இனி உங்கள் அடையாளங்கள் ஆகும். சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்காது. அவர்கள் கோலோடு நடப்பதே நல்லது. அதில் குறை ஒன்றுமில்லை.

முதல் படி: தகுதியும் நடமாட்டப் பயிற்சியும்

பெரும்பாலான பள்ளிகள், சட்டப்படி பார்வையற்றவர் என்று மருத்துவச் சான்று உள்ளவர்களையே ஏற்கின்றன. கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணில் பார்வைத் திறன் 20/200 (மற்றவர் 200 அடியிலிருந்து காண்பதை 20 அடியில்தான் காண முடியும்) அல்லது அதற்கும் குறைவு, அல்லது பார்வைப் புலம், அதாவது கண் ஒரே நேரத்தில் காணும் பரப்பு, 20 பாகை அல்லது அதற்கும் குறைவு என்பதுதான் அமெரிக்க வரையறை. முழு இருள் தேவையில்லை. ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் ஓரப் பார்வை சுருங்கிவரும் ஒருவர், முன்னால் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே காலடியிலுள்ள படியைத் தவறவிடுகிறார் என்றால் அவருக்கும் தகுதி இருக்கக்கூடும். வயது பெரும்பாலும் 16க்கு மேல் இருக்க வேண்டும். மேல் வரம்பு என்று பொதுவாக எதுவும் இல்லை, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மைல் நடக்க உடல் இடம் கொடுத்தால் போதும்.

அடுத்தது ஓரியன்டேஷன் அண்ட் மொபிலிட்டி பயிற்சி. இங்கே எல்லாரும் ‘ஓ அண்ட் எம்’ என்றுதான் சொல்வார்கள். திசையறிதல், வெண்கோல் பயன்பாடு, சாலை கடத்தல், பேருந்துப் பயணம் ஆகியவற்றை நிபுணர் ஒருவர் உங்கள் தெருவிலேயே உடன்வந்து சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு மாநிலத்திலும் பார்வையற்றோருக்கான மறுவாழ்வுத் துறையோ ஆணையமோ உண்டு. தகுதியுள்ளவர்களுக்கு அதன்வழி இப்பயிற்சி கிடைக்கும். 55 வயது நிறைந்தவர்களுக்கு வேலை தேடும் நோக்கம் இல்லாவிட்டாலும் தனித் திட்டம் ஒன்று உள்ளது. மகன் மகள் வீட்டில் வந்து தங்கி, பார்வை மங்கிய பிறகு வாசலைத் தாண்டாமலே இருக்கும் பெற்றோருக்கு இந்தத் திட்டம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மிச்சிகனிலுள்ள ‘லீடர் டாக்ஸ்’ பள்ளி, நாய் கேட்காதவர்களுக்கும் ஒரு வாரத் தங்கும் பயிற்சியாக இதைக் கட்டணமின்றி நடத்துகிறது.

இங்கே குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பார்வையற்றவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதே அன்பு என்று கருதுகிறோம். அவர் தனியே கடைக்குப் போகிறேன் என்றால், நான் இருக்கும்போது நீ ஏன் போக வேண்டும் என்கிறோம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் தனியாக நடக்க வாய்ப்பே கிடைக்காத ஒருவருக்குப் பள்ளி நாய் தராது. தந்தாலும் வேலையில்லாத நாய் சில மாதங்களில் தன் பயிற்சியை மறக்கத் தொடங்கிவிடும். விண்ணப்பத்துக்கு முன்பே அவர் வாரத்தில் சில நாட்களாவது தனியே போய்வர வேண்டிய இடங்கள், வேலையோ வகுப்போ நூலகமோ கடையோ, இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

நியூஜெர்சியில் ‘தி சீயிங் ஐ’, கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலிலும் ஒரிகனிலும் ‘கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்’, நியூயார்க் மாநிலத்தில் ‘கைடிங் ஐஸ்’, மிச்சிகனில் ‘லீடர் டாக்ஸ்’, ஃபுளோரிடாவில் முன்பு ‘சவுத்ஈஸ்டர்ன் கைட் டாக்ஸ்’ என்றிருந்த ‘டாக்ஸ் இங்க்’ ஆகியவை பெயர் பெற்றவை. நீங்கள் வசிக்கும் மாநிலத்துப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நாயின் இனப்பெருக்கம், வளர்ப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் ஒரு நாய்க்குப் பல்லாயிரம் டாலர் ஆகிறது. ஆனால் நன்கொடையால் நடக்கும் இப்பள்ளிகள் அதைப் பயனாளியிடம் வாங்குவதில்லை. பெரும்பாலானவற்றில் நாய், பயிற்சி, தங்குமிடம், உணவு, பயணச் சீட்டு எல்லாமே இலவசம். ‘தி சீயிங் ஐ’ மட்டும் முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்த நாய்களுக்கு 50 டாலர், முன்னாள் படைவீரர்களுக்கு 1 டாலர் என்று பல்லாண்டுகளாக ஒரு சிறு தொகை பெற்றுவருகிறது. பெறுகிறவர் இதைத் தானமாக எண்ணாமல் தம் உரிமையாக எண்ண வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே வழிகாட்டி நாய்க்கு யாராவது ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

பள்ளிகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. நாயின் உடைமை எப்போது உங்கள் பெயருக்கு வரும்? சில பள்ளிகள் பயிற்சி முடிந்த அன்றே உடைமையை மாற்றித் தருகின்றன, சில தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்கின்றன. வீடு திரும்பிய பிறகு சிக்கல் எழுந்தால் பயிற்சியாளர் உங்கள் ஊருக்கு வருவாரா? கால்நடை மருத்துவச் செலவில் உதவி உண்டா? பள்ளிக்குச் சென்று தங்க முடியாதவருக்கு வீட்டிலேயே பயிற்சி தருவார்களா? விசாவில் இருப்பவரானால், உங்கள் குடியேற்ற நிலையில் உள்ளவர்களை ஏற்பார்களா என்பதை விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே நாயோடு நடப்பவர்களிடம் பேசுவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பிலும் அமெரிக்கப் பார்வையற்றோர் மன்றத்திலும் நாய் வைத்திருப்போருக்கென்றே தனிப் பிரிவுகள் உள்ளன.

மூன்றாம் படி: விண்ணப்பமும் வீட்டு நேர்காணலும்

விண்ணப்பத்தோடு கண் மருத்துவர் அறிக்கை, பொது மருத்துவர் அறிக்கை, ஓ அண்ட் எம் பயிற்சியாளரின் குறிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். அதன்பின் தொலைபேசி உரையாடல், பிறகு வீட்டுக்கு வந்து நேர்காணல் அல்லது காணொளி அழைப்பு. உங்கள் வழக்கமான வழித்தடத்தில் வெண்கோலோடு நடந்து காட்டச் சொல்வார்கள். அடுத்து, பயிற்சியாளர் சேணத்தின் (நாயின் உடலில் பூட்டி, நடப்பவர் கையில் பிடித்துக்கொள்ளும் பிடியுள்ள பட்டை) ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு நாயின் இடத்தில் நின்று உங்களை இழுத்து நடப்பார். இதை ‘ஜூனோ நடை’ என்பார்கள். உங்கள் நடைவேகம், கையில் எவ்வளவு இழுப்பு பிடிக்கும், உடல் சமநிலை எப்படி, கட்டளையை எந்தக் குரலில் சொல்கிறீர்கள் என்பதையெல்லாம் அந்தச் சிறிது நேரத்தில் அளந்துவிடுவார்கள்.

வீட்டார் அனைவரும் அந்த நேர்காணலில் இருப்பது நல்லது. நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் நம்மவர்களில் பலருக்குத் தயக்கம் உண்டு. பூஜையறை, அடுக்களை, பாட்டியின் மடி ஆசாரம், குழந்தையின் ஆஸ்துமா என்று காரணங்கள் வரும். இவற்றை மறைக்காமல் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். வழிகாட்டி நாய் குறிப்பிட்ட அறைக்குள் நுழையாமலிருக்கவும், தன் விரிப்பிலேயே படுத்திருக்கவும் எளிதில் பழகும். பூஜையறைக்கு நாய் வராது என்பது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோகும் செய்தி. ஆனால் நாயை வீட்டுக்கு வெளியே கொட்டகையில் கட்டிவைப்பதற்கு எந்தப் பள்ளியும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, உங்களுக்குப் பொருந்தும் நாய் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். இனத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், அவற்றின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவைதான் பெரும்பாலும். வேகமாக நடக்கும் ஒருவருக்கு நிதானமான நாயைக் கொடுத்தால் இருவருக்கும் துன்பம் என்பதால், இந்தப் பொருத்தம் பார்ப்பதில் பள்ளிகள் மிகுந்த கவனம் காட்டுகின்றன. அவசரப்படுத்தாதீர்கள்.

நான்காம் படி: பள்ளியில் தங்கிக் கற்றல்

உங்கள் கைக்கு வரும் நாய், எட்டு வார அளவில் தன்னார்வக் குடும்பம் ஒன்றுக்குச் சென்று, ஓராண்டுக்கும் மேலாக அங்கே வளர்ந்து, கடை, பேருந்து, கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகி, பிறகு பள்ளிக்குத் திரும்பி மாதக்கணக்கில் முறையான பயிற்சி பெற்றிருக்கும். நீங்கள் சென்று தங்குவது இரண்டு முதல் நான்கு வாரம். முதல் ஓரிரு நாட்கள் நாய் இல்லாமல் கழியும். பிறகு ஒருநாள் உங்கள் அறைக்கு நாயை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அதுவரை பயிற்சியாளரையே உலகம் என்று எண்ணியிருந்த நாய் அவரைத் தேடிக் கதவருகே போய் நிற்கும். அதனால் மனம் தளர வேண்டாம். உணவும் தண்ணீரும் நடையும் பாராட்டும் உங்கள் கையாலேயே கிடைக்கும்போது சில நாட்களில் அது உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

நடைபாதை விளிம்பில் நிற்பதை எத்தனை முறை பழகுகிறோம் என்று வியப்பாக இருக்கும். நாய் நிற்கிறது. உடனே ‘ஃபார்வர்ட்’ சொல்லக்கூடாது. வலக்காலை மெல்ல முன்னே நீட்டி விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; அது அங்கே இருந்தால் நாயை வாய்விட்டுப் பாராட்ட வேண்டும்; அதன்பிறகுதான் வண்டிகளின் ஓசையைக் கேட்கத் தொடங்க வேண்டும். இந்த வரிசையைச் சோம்பலால் ஒருநாள் சுருக்கினாலும், விளிம்பில் நிற்பது தேவையில்லை போலும் என்று நாய் எண்ணத் தொடங்கும்.

வெளிக்குப் போகவிடுவது பற்றிப் புதியவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் பார்வையில்லாமல் அள்ளுவது எப்படி என்பது முதலிலேயே கேட்க வேண்டிய கேள்விதான். சேணத்தைக் கழற்றி, வாரில் மட்டும் பிடித்து, பழக்கிய சொல்லைச் சொன்னால் நாய் உங்களைச் சுற்றி நடந்து ஓரிடத்தில் நிற்கும். அப்போது அதன் முதுகில் கை வைத்துப் பாருங்கள். முதுகு சரிந்தோ தட்டையாகவோ இருந்தால் சிறுநீர்; வில்லாக வளைந்து இருந்தால் மலம். வளைந்திருந்தால் உங்கள் பாதத்தை நாயின் பின்னங்கால் அருகே வைத்து அந்த இடத்தை அடையாளம் செய்துகொள்ளுங்கள். நாய் நகர்ந்ததும், கையில் உறைபோல் மாட்டிய பையோடு பாதத்தின் முனையிலிருந்து தடவி எடுத்து, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சிடுங்கள். ஒரு வாரத்தில் இது பழகிவிடும். ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் வெளியே என்று ஒழுங்காக வைத்தால், பகலில் எதிர்பாராத சங்கடமே வராது.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வந்தபின்

இருவரும் ஒன்றாக இயங்கப் பழக ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். முதல் வாரங்களில் தெரிந்த வழித்தடம் ஒன்றிரண்டே போதும். உறவினர் வருகையையும் நீண்ட பயணத்தையும் தள்ளி வையுங்கள். அந்த நாட்களில் நாய்க்கு உணவு கொடுப்பது, தடவிக் கொடுப்பது, வெளியே அழைத்துப் போவது எல்லாம் பார்வையற்றவர் ஒருவரே செய்ய வேண்டும். சேணம் பூட்டியிருக்கும்போது வீட்டாரும் அதனோடு பேசக்கூடாது. சேணம் கழற்றியபின் அது விளையாடலாம், குழந்தைகளோடு புரளலாம். இந்த வேறுபாடு நாய்க்கு நன்றாகவே தெரியும், மனிதர்களுக்குத்தான் பழக வேண்டியிருக்கிறது. கட்டளைகளை மட்டும் பயிற்சியில் கற்ற ஆங்கிலச் சொற்களிலேயே, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். கொஞ்சுவதைத் தமிழிலேயே கொஞ்சலாம்.

நம் சமையலறையில் ஆபத்து உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலுள்ள சைலிட்டாலும் நஞ்சு. சாம்பார் சாதம், பிரியாணி, பாயசத்து உலர்திராட்சை எதையும் ‘பாவம், ஒரு வாய்’ என்று போட வேண்டாம். வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாயில்லா ஜீவனுக்குச் சோறிடாமல் இருப்பது அவர்களுக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், காரணம் தெரிந்தால் ஒத்துழைப்பார்கள். பள்ளி சொன்ன அளவு உணவை அளவுக் கிண்ணத்தால் அளந்து கொடுப்பது முக்கியம், ஏனெனில் எடை கூடிய நாய்க்கு மூட்டு சீக்கிரம் தேயும், வேலை செய்யும் ஆண்டுகள் குறையும். டெக்சஸ், அரிசோனா போன்ற இடங்களில் கோடையில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள்; உங்கள் கை தாங்காத தரையை அதன் பாதமும் தாங்காது. நாய்க்கென்றே காலணி விற்கிறது. பனிநாட்களில் சாலையில் தூவும் உப்பிலிருந்தும் அது பாதத்தைக் காக்கும்.

உணவு, தடுப்பூசி, மருத்துவம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் ஆகும். இச்செலவை வருமானவரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். மொத்த மருத்துவச் செலவு உங்கள் சரிசெய்த வருமானத்தின் 7.5 விழுக்காட்டைத் தாண்டும் பகுதிக்குக் கழிவு உண்டு. ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

சட்டம் தரும் உரிமை

1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், சுருக்கமாக ஏடிஏ, உணவகம், கடை, மருத்துவமனை, ஹோட்டல், பேருந்து எங்கும் பயிற்சி பெற்ற சேவை நாயோடு நுழையும் உரிமையைத் தருகிறது. அட்டை, சான்றிதழ், நாய்க்கான அடையாளச் சட்டை எதுவும் சட்டப்படி தேவையில்லை. நாயின் வேலை வெளிப்படையாகத் தெரியாதபோது ஊழியர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: உடற்குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? எந்த வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது? உங்கள் நோயைப் பற்றிக் கேட்கவோ, செய்து காட்டச் சொல்லவோ முடியாது. பிற வாடிக்கையாளருக்கு நாய் பயம், ஒவ்வாமை, உணவு பரிமாறும் இடம் என்பவை மறுக்கக் காரணமாகா. நாய் கட்டுக்கடங்காமல் போய் நீங்கள் அடக்காவிட்டாலும், அது அசுத்தம் செய்தாலும் வெளியே அனுப்பச் சொல்லலாம். அப்போதும் உங்களுக்கு நாயில்லாமல் சேவை தர வேண்டும். வாடகை வீட்டில் செல்லப்பிராணிக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்க முடியாது. அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதற்கு மட்டும் நிறுவனத்திடம் முறைப்படி வேண்டுகோள் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

கோவில் விஷயத்தில்தான் நம்மவர்கள் தவறாக எண்ணிக்கொண்டு போய் மனம் நொந்து திரும்புகிறார்கள். மத அமைப்புகளுக்கு ஏடிஏவின் இந்தப் பிரிவு பொருந்தாது. கோவிலோ தேவாலயமோ மசூதியோ, நாயை உள்ளே விடுவதும் விடாததும் அந்த நிர்வாகத்தின் விருப்பம். ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, நாயை அலுவலக அறையில் ஒருவர் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெண்கோலோடோ ஒருவர் துணையோடோ சன்னிதிக்குப் போகலாமா என்று கேளுங்கள். ஆனால் தமிழ்ச் சங்க விழா அரசுப் பள்ளி அரங்கிலோ ஹோட்டல் மண்டபத்திலோ நடந்தால் அது கோவில் அல்ல. அங்கே உங்கள் நாய்க்கு இடமுண்டு.

ஊபர், லிஃப்ட் போன்ற வாடகைக் கார்களில் ஓட்டுநர் மறுத்துவிட்டுப் போய்விடுவதுதான் நாய் வைத்திருப்போர் மிக அதிகமாகச் சொல்லும் குறை. மறுப்பது சட்டவிரோதம். நாள், நேரம், ஓட்டுநர் பெயர், வண்டி எண் ஆகியவற்றை உடனே குறித்துக்கொண்டு செயலியிலேயே புகார் செய்யுங்கள். தொடர்ந்தால் அமெரிக்க நீதித் துறைக்கும் எழுதலாம். இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு ‘சேவை நாய்ப் பதிவுச் சான்றிதழ்’ விற்கும் தளங்களிடம் எதையும் வாங்காதீர்கள். அரசு அவற்றை ஏற்பதில்லை. பயிற்சி பெறாத நாய்கள் அந்த அட்டையோடு கடைக்குள் வந்து குரைப்பதால்தான் உண்மையான வழிகாட்டி நாய்களும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகின்றன. சில நேரங்களில் கடிபட்டு வேலையே செய்ய முடியாமல் போய்விடுகின்றன. இதை நான் சிறிய தவறாகக் கருதவில்லை.

விமானப் பயணமும் இந்தியாவும்

விமானத்துக்கு வேறு சட்டம். 2021 ஜனவரி முதல், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சேவை நாய்ப் படிவத்தைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே தரும்படி விமான நிறுவனம் கேட்கலாம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்துக்கு, நாய் அசுத்தம் செய்யாது என்று இன்னொரு படிவமும் கேட்கலாம். நாய் உங்கள் காலடி இடத்துக்குள் அடங்க வேண்டும். தகராறு வந்தால், குறைதீர்க்கும் பொறுப்பாளரான ‘சிஆர்ஓ’வை அழையுங்கள் என்று கேளுங்கள், ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒருவரை வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு அழைத்துச் செல்வதானால், இந்திய அரசின் விலங்குக் ‘குவாரண்டைன்’ துறையின் தடையின்மைச் சான்று முன்கூட்டியே வேண்டும். திரும்பும்போது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இந்தியாவை வெறிநாய்க்கடி நோய் மிகுந்த நாடாக வகைப்படுத்தியுள்ளதை நினைவில் வைக்க வேண்டும். மைக்ரோசிப், அமெரிக்காவில் போட்ட தடுப்பூசிக்கு அரசுக் கால்நடை மருத்துவர் ஒப்புதலிட்ட சான்று ஆகியவை கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். காகிதம் ஒன்று குறைந்தாலும் நாயால் திரும்ப முடியாமல் போகலாம். அதோடு, நம் ஊர்த் தெருநாய்கள், தொடர்ச்சியற்ற நடைபாதைகள், வெயில் ஆகியவற்றுக்கு இந்த நாய் பழகியதல்ல. ஒரு மாத விடுமுறைக்கு நாயைப் பழக்கமான ஒருவரிடம் விட்டுவிட்டு வெண்கோலோடு போய்வருவதே நல்லது என்பது என் கருத்து. கோல் திறமையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாய்க்கு உடல்நலம் குன்றும் நாளிலும் நீங்கள் வேலைக்குப் போக வேண்டுமே.

வேறு உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு

செவித்திறன் அற்றவருக்கு அழைப்புமணி, புகை எச்சரிப்பு, குழந்தை அழுகை ஆகியவற்றை மூக்கால் தொட்டு உணர்த்தி ஒலி வந்த இடத்துக்கு அழைத்துப்போகும் நாய்கள் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கவும், கயிறு கட்டிய கதவை இழுத்துத் திறக்கவும் பழக்கிய நாய்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 1975இல் தொடங்கிய ‘கேனைன் கம்பானியன்ஸ்’ இவற்றை இலவசமாகத் தருகிறது. வேறு சில அமைப்புகள் பெரும் தொகை திரட்டித் தரச் சொல்லும், காத்திருப்பும் நீளும். நாயைத் தாமே பழக்கிக்கொள்ளவும் ஏடிஏ அனுமதிக்கிறது. ஆனால் துணைக்கு இருந்து மன ஆறுதல் தரும் நாய், குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கப்படாதவரை, ஏடிஏவின் கீழ் சேவை நாய் ஆகாது. விமானத்திலும் 2021க்குப் பிறகு அதற்கு அந்தத் தகுதி இல்லை. வாடகை வீட்டில் மட்டும் அதற்குத் தனிப் பாதுகாப்பு உள்ளது.

பணி ஓய்வு

வழிகாட்டி நாய் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வயதுக்குள் ஓய்வு பெறும். சேணத்தை எடுத்தால் முன்போல் ஓடி வராமை, விளிம்பில் தாமதமாக நிற்றல், படியேறத் தயங்குதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றை உங்கள் விரல்களே உணரும்; இழுப்பு தளர்ந்துவிடும். அப்போது பள்ளிக்குத் தெரிவித்து, அடுத்த நாய்க்கான விண்ணப்பத்தையும் உடனே கொடுத்துவிடுங்கள், காத்திருப்பு இம்முறையும் உண்டு. முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு உங்கள் வீடு, வேலை, நடைவேகம், உடல்நலம் மாறியிருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு உங்களுக்குப் பொருந்திய நாயைப் போன்ற ஒன்று இப்போது பொருந்தாமல் போகலாம்.

ஓய்வு பெற்ற நாயை நீங்களே வைத்துக்கொள்ளலாம், உறவினரிடமோ நண்பரிடமோ கொடுக்கலாம், சிறு குட்டியாக வளர்த்த தன்னார்வக் குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம். எதுவும் முடியாவிட்டால் பள்ளியே நல்ல இடம் பார்த்துத் தரும். உங்களோடு வைத்துக்கொள்வதானால், புதிய நாயின் சேணத்தை எடுக்கும்போது பழைய நாயும் வாசலுக்கு வந்து நிற்கும் என்பதை எதிர்பாருங்கள். வீட்டில் வேறொருவர் அந்த நேரத்தில் அதைத் தனியே ஒரு நடை அழைத்துப்போக முடியுமா என்று முன்பே பேசி முடிவுசெய்த பிறகு, இரண்டு நாய்களையும் வைத்துக்கொள்வதா என்று தீர்மானியுங்கள்.